உறைந்திருக்கும் கருமுட்டை: வைத்திருப்பதா, விடுவதா, கொடுப்பதா?

போன மாதம் மலேசியாவின் குளுவாங் இரயில் நிலையத்துக் கோப்பிக் கடையில் பசியாறிக்கொண்டிருந்தேன். ஒரு தங்கை வந்து எதிரில் உட்கார்ந்தாள். நான் தாதி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. ஆனாலும் இந்த ஊரில் என் பெயர் இன்னும் மிஸ்ஸிதான். பையிலிருந்து நான்காக மடித்த பாரம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள்.

"மிஸ்ஸி, இதுல எந்தக் கட்டத்துல டிக் போடணும்னு சொல்லுங்க. ரெண்டு வாரமா வீட்டுல சண்டை."

விஷயம் இதுதான். மூன்று வருடத்துக்கு முன்பு ஜொகூர் பாருவில் ஐவிஎஃப், அதாவது உடம்புக்கு வெளியே கருவாக்கும் சிகிச்சை எடுத்தாள். மகன் பிறந்தான். அப்போது எடுத்ததில் ஒன்பது கருமுட்டைகள் இன்னும் உறைநிலையில் இருக்கின்றன. வருடக் கட்டணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது, கூடவே இந்தப் பாரமும். சிங்கப்பூரில் வேலை செய்யும் கணவர், "ஆராய்ச்சிக்குக் கொடுத்துடு, நாலு பேருக்கு உதவும்" என்கிறார். மாமியார், "நம்ம வம்சத்து முட்டைய எவன் கையிலயோ குடுக்கிறதா?" என்கிறார். இவளுக்கோ இன்னொரு பிள்ளை வேண்டுமா என்றே முடிவாகவில்லை.

இந்த வருடம் இதே கேள்வியோடு வந்த மூன்றாவது ஆள் இவள். அப்பா பால்மரம் (ரப்பர்) சீவியவர், தாத்தா தோள்தடியில் (காண்டா) பால்வாளி சுமந்தவர், பேத்தியின் முட்டை நைட்ரஜன் தொட்டியில். காலம் அப்படி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

## முட்டையா, கருவா?

எந்தக் கட்டத்தைத் தொடும் முன்பும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உறைந்திருப்பது கருமுட்டை என்றால் அது பெண்ணின் சம்மதத்தை மட்டும் சார்ந்தது. விந்தோடு சேர்ந்து உருவான கரு என்றால் கணவன் மனைவி இருவர் கையெழுத்தும் வேண்டும். தேவாலயத்துக்குப் போகும் குடும்பங்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் பெரியது. கருவை ஆய்வுக்கு உட்படுத்துவதைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்பதில்லை. பலரும் இரண்டையும் "முட்டை" என்றே சொல்வதால் வீட்டில் பாதிச் சண்டை இந்தக் குழப்பத்தில்தான் வருகிறது. இந்தக் கட்டுரை முட்டையைப் பற்றியது.

## எதை வைத்து எடை போடுவது

காசு, உடம்பு, மனம் மாறினால் திரும்பிவர வழி. இந்த மூன்றையும் எல்லோரும் பார்ப்பார்கள். நான் நான்காவதாக ஒன்று சேர்ப்பேன்; உண்மையில் அதைத்தான் முதலில் வைப்பேன். முட்டை நம் கையை விட்டுப் போன பிறகு யாரைப் போய்க் கேட்கலாம்? கேட்டால் பதில் சொல்லியே தீர வேண்டிய கட்டாயம் அவருக்கு உண்டா?

| வழி | காசு | மனம் மாறினால் | கேட்டால் பதில் சொல்பவர் |
|---|---|---|---|
| சேமிப்பில் வைத்திருப்பது | வருடக் கட்டணம் | எப்போதும் மாற்றலாம் | சேமித்து வைத்திருக்கும் மருத்துவமனை |
| கரைய விடுவது | செலவு இல்லை | மாற்ற முடியாது | கேட்க ஒன்றும் இல்லை |
| இன்னொரு பெண்ணுக்கு | உங்களுக்குப் பெரிய செலவு இல்லை | முட்டையைப் பயன்படுத்தும் வரைதான் | மருத்துவமனை. ஒருநாள் அந்தப் பிள்ளையே உங்களைக் கேட்கலாம் |
| ஆய்வுக்கு | செலவு இல்லை | முட்டையைப் பயன்படுத்தும் வரைதான் | நாட்டுக்கு நாடு மாறும் |

உடம்பைப் பற்றிய பத்தி இந்த அட்டவணையில் இல்லை. ஏற்கனவே எடுத்து உறைய வைத்த முட்டையை என்ன செய்தாலும் உங்கள் உடம்புக்குப் புதிதாக ஒன்றும் ஆகாது. புதிதாக எடுப்பது வேறு கதை. அது கடைசியில் வரும்.

## சேமிப்பில் வைத்திருப்பது

முடிவெடுக்க முடியாதவர்கள் எல்லாம் இதில்தான் டிக் போடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 600 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொண்டால் பத்து வருடத்தில் 6,000 வெள்ளி. கட்டணம் அப்படியே நிற்கும் என்று யாரும் எழுதித் தருவதில்லை.

பணத்தை விட எனக்குக் கவலை முகவரிதான். வீடு மாறுகிறோம், கைப்பேசி எண் மாறுகிறது, கடிதம் பழைய தோட்டத்து முகவரிக்குப் போய்க் கிடக்கிறது. கட்டணம் நின்றால் முட்டையை என்ன செய்வார்கள் என்பது நீங்கள் சிகிச்சைக்கு முன் கையெழுத்துப் போட்ட பாரத்தில் எங்கோ இருக்கும். அதைத் தேடி எடுங்கள்.

ஒன்பது முட்டை இருந்தால் ஒன்பது பிள்ளை என்று கணக்கு இல்லை. உருக்கும்போது சில தாங்காது, தாங்கியதில் சில கருவாகாது, கருவானதில் சில ஒட்டாது. எந்த வயதில் எடுத்து உறைய வைத்தீர்களோ அந்த வயதின் தரம்தான் முட்டைக்கு இருக்கும். இன்னொரு பிள்ளை ஆசை கொஞ்சமாவது இருக்கிறதென்றால், அல்லது 40ஐத் தாண்டிவிட்டீர்கள் ஆனால் முட்டை 33 வயதில் எடுத்தது என்றால், யார் என்ன சொன்னாலும் வைத்திருங்கள். ஆசை முடிந்துபோய், பழக்கத்தில் கட்டிக்கொண்டிருந்தால் அது வெறும் வாடகை.

## கரைய விடுவது

முட்டையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. மைனஸ் 196 பாகையில் இருந்து வெளியே எடுத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் கதை முடிந்தது. வலிக்கிற உயிர் அங்கே இல்லை. மாதாமாதம் நம் உடம்பு தானாகவே செய்வதுதான். இதைச் சொன்னதும் அந்தத் தங்கையின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "கொன்னுட்ட மாதிரி ஆகாதா?" என்று அதுவரை யாரிடமும் கேட்கவில்லையாம்.

மனசு எந்தப் பக்கமும் சாயவில்லை, பணமும் இடிக்கிறது என்றால் இது கௌரவமான வழி. யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

## இன்னொரு பெண்ணுக்குக் கொடுப்பது

சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊர் நிலைமையில் பலருக்கு இது நடைமுறையில் கிடைக்காது. தானத்துக்குப் பெரும்பாலும் இளம் வயதில் எடுத்த முட்டையைத்தான் கேட்பார்கள். முஸ்லிம் தம்பதிகளுக்கு மூன்றாம் நபரின் முட்டை மார்க்கப்படி கூடாது. சொந்தத்துக்குள் கொடுப்பவர்கள் உண்டு. தங்கைக்கு அக்கா, நாத்தனாருக்கு அண்ணி என்று. கொடுப்பது சுலபம். கோவில் திருவிழாவில் அந்தப் பிள்ளையை வருடா வருடம் பார்ப்பது எப்படி இருக்கும் என்பதை முதலில் யோசியுங்கள். பிள்ளைக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை இரண்டு குடும்பமும் முன்கூட்டியே பேசித் தீர்க்காவிட்டால் அது பின்னால் வெடிக்கும்.

## ஆய்வுக்குக் கொடுப்பது

இங்கேதான் நான் நிறையப் பேச வேண்டும்.

முட்டையை வைத்து என்னதான் செய்கிறார்கள்? உறைய வைத்து உருக்கினால் முட்டைக்குள் என்ன கெடுகிறது, வயது ஏற ஏற மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம் ஏன் தவறாகப் பிரிகிறது, முதிராத முட்டையை உடம்புக்கு வெளியே முதிர வைக்க முடியுமா, இப்படிப்பட்ட கேள்விகள். பிரிட்டனின் நியூகாசில் நகரத்தில் தாயின் மைட்டோகாண்டிரியக் கோளாறு (உயிரணுவுக்குச் சக்தி தரும் பாகத்தில் வரும் மரபுக் கோளாறு) பிள்ளைக்குப் போகாமல் தடுக்கும் முறையை உருவாக்கினார்கள். அந்த முறையில் எட்டுப் பிள்ளைகள் பிறந்திருப்பதாக 2025இல் அறிவித்தார்கள். அதற்குப் பின்னால் பெண்கள் கொடுத்த முட்டைகள் இருக்கின்றன. அதனால் "நாலு பேருக்கு உதவும்" என்று அந்தக் கணவர் சொன்னதில் பொய் இல்லை.

ஆனால் எல்லா ஆய்வும் நியூகாசில் இல்லை. யார் கண்காணிக்கிறார்கள் என்பதை வைத்து ஊர் ஊராகப் பார்ப்போம். ஒன்றை நினைவில் வையுங்கள்: முட்டை எந்த நாட்டில் உறைந்திருக்கிறதோ அந்த நாட்டு விதிதான் அதற்கு. பாஸ்போர்ட் உங்களுக்குத்தான், முட்டைக்கு இல்லை.

அளவுகோலுக்கு, பிரிட்டன். நம்மில் யாரும் அங்கே போய்ச் சிகிச்சை எடுக்கப்போவதில்லை. ஆனால் மற்ற நாடுகள் பலவும் பார்த்து எழுதிய முன்மாதிரி அதுதான். 1984இல் அரசு அமைத்த வார்னாக் குழுவின் அறிக்கை, 1990இல் சட்டம், 1991இல் அதை நடத்த ஹெச்எஃப்இஏ என்ற தனி ஆணையம். மனிதக் கருவை வைத்துச் செய்யும் ஒவ்வோர் ஆய்வுத் திட்டத்துக்கும் ஆணையத்தின் உரிமம் வேண்டும். கருவை 14 நாளுக்கு மேல் வளர்த்தால் குற்றம். எந்த ஆய்வுக்கூடத்துக்கு என்ன உரிமம் என்பதைப் பொதுமக்களே பார்க்கலாம். முட்டை ஆய்வில் பயன்படுத்தப்படும் வரை, கொடுத்தவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். நான் கேட்ட "பதில் சொல்லியே தீர வேண்டிய ஆள்" என்பதற்கு இலக்கணம் இதுதான்.

சிங்கப்பூர். நம் ஜொகூர்க்காரர்கள் பலர் அங்கே வேலை செய்து, சிகிச்சையும் அங்கேயே எடுக்கிறார்கள். செலவு அதிகம், ஆனால் விதி தெளிவு. 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி கருமுட்டை, விந்து, கரு ஆகியவற்றை வாங்குவதும் விற்பதும் குற்றம். கருவை உடம்புக்கு வெளியே 14 நாளுக்கு மேல் வளர்ப்பதும் குற்றம். ஆய்வுக்கென்று முட்டை கொடுப்பதைப் பற்றி மட்டுமே அந்நாட்டு உயிரியல் நெறிமுறை ஆலோசனைக் குழு 2008இல் தனி அறிக்கை வெளியிட்டது. 2015இல் வந்த மருத்துவ ஆய்வுச் சட்டம் மனித முட்டையையும் கருவையும் தொடும் ஆய்வுகளைத் தனிக் கட்டுப்பாட்டுக்கு உரியவை என்று பிரித்து வைத்திருக்கிறது. மற்ற ஆய்வுகளை விட இதற்கு வாசல் குறுகல். யாரையும் வற்புறுத்தித் திசுவைக் கொடுக்க வைப்பதும் அந்தச் சட்டத்தில் குற்றம்.

மலேசியா. நம் நாட்டில் செயற்கைக் கருத்தரிப்புக்கென்று தனிச் சட்டம் இல்லை. வரும் வரும் என்று நான் சீருடை போட்டிருந்த காலத்திலிருந்தே கேட்டு வருகிறேன். இருப்பவை என்ன? மருத்துவமனை நடத்த 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிச் சட்டம். டாக்டர்கள் நடந்துகொள்ள மலேசிய மருத்துவ மன்றம் 2006இல் வெளியிட்ட வழிகாட்டி. ஆய்வுக்கூடத் தரத்துக்குச் சுகாதார அமைச்சு 2012இல் வெளியிட்ட தர விதிகள். குருத்தணு (ஸ்டெம் செல்) ஆய்வுக்கு 2009 வழிகாட்டி. ஆய்வுக்கென்றே மனிதக் கருவை உருவாக்குவதை அது ஏற்பதில்லை. 1974ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது இறந்தவர் உடம்பிலிருந்து எடுப்பதைப் பற்றியது. உயிரோடு இருக்கும் பெண்ணின் முட்டைக்கு உதவாது.

வழிகாட்டி என்றால் ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். மீறிய டாக்டர் மருத்துவ மன்றத்தின் முன் நிற்க வேண்டிவரும். ஆனால் மன்றத்தின் பிடி டாக்டரோடு நிற்கிறது. டாக்டர் இல்லாத ஆய்வாளரையோ நிறுவனத்தையோ அது தொடாது. இங்கே நமக்கு இருக்கும் உண்மையான காவல், ஆய்வு தொடங்கும் முன் அது முறையானதா என்று பார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுதான். சுகாதார அமைச்சுக்கு ஒன்று இருக்கிறது, பல்கலைக்கழக மருத்துவமனைகளுக்குச் சொந்தமாக இருக்கிறது. அமைச்சின் கீழ் நடக்கும் ஆய்வு தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஆகவே இங்கே கொடுப்பதாக இருந்தால், "எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது, பதிவு எண் என்ன?" என்று கேளுங்கள். எண் வந்தால் பேசலாம். "அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வந்தால் பாரத்தை மடித்துப் பையில் வையுங்கள்.

தமிழ்நாடு. செலவு குறைவு, மொழி நம் மொழி, அப்படியே அம்மன் கோவிலும் பார்த்துவிட்டு வரலாம் என்று சென்னைக்குப் போகிறவர்கள் இங்கே நிறையப் பேர். இந்தியாவில் 2021இல் தனிச் சட்டம் வந்துவிட்டது. தானம் கொடுப்பவளுக்கு 23 முதல் 35 வயது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. கருவையும் தானமாகப் பெற்ற முட்டையையும் பத்து வருடத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதன் பிறகு அழிய விடலாம், அல்லது தம்பதியின் சம்மதத்தோடு, பதிவு பெற்ற ஆய்வு நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். எழுத்தில் பார்த்தால் நம்மை விட எவ்வளவோ மேல். மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு: உங்கள் சொந்த முட்டையை இங்கே கொண்டுவர நினைத்தாலும் அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்தியத் தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும். போகும் முன் இதைச் சொல்ல மாட்டார்கள்.

### சட்டம் இருந்தும் சறுக்கிய கதை

சட்டம் இருந்தால் போதும் என்று தூங்கிவிட முடியாது. தென் கொரியாவில் ஹ்வாங் ஊ சுக் என்ற விஞ்ஞானி மனிதக் கருவைக் குளோனிங் செய்து குருத்தணு எடுத்ததாக 2004இலும் 2005இலும் அறிவித்தார். நாடே கொண்டாடியது. பிறகு பார்த்தால் முடிவுகள் போலி. இரண்டு கட்டுரைகளையும் 2006 ஜனவரியில் ஆய்விதழ் திரும்பப் பெற்றது. அதற்குள் 2,000க்கும் அதிகமான முட்டைகள் செலவாகியிருந்தன. கொடுத்தவர்களில் பணம் பெற்றவர்கள் இருந்தார்கள். அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே வேலை பார்த்த இளம் பெண்களும் இருந்தார்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கங்காணி வந்து, "வேணும்னா குடு, கட்டாயம் இல்ல" என்று கேட்டால் அது கட்டாயமா இல்லையா? பிள்ளை வரம் வேண்டிப் படுத்திருக்கும்போது, முட்டை எடுக்கும் அன்று காலையில், சிகிச்சை தரும் டாக்டரே ஆய்வுப் பாரத்தை நீட்டினால் அதுவும் அதே கேள்விதான். நான் வேலை செய்த இடம் ஒன்றில் அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் மயக்க மருந்துக்கு முன் கையெழுத்துப் போட்டாள். படித்துப் பார்க்கக் கண்ணாடிகூட அவள் கையில் இல்லை. சாட்சிக் கையெழுத்து என்னுடையது. இன்றைக்கு இருந்தால் போட்டிருக்க மாட்டேன்.

### பாரத்தில் ஒளிந்திருப்பவை

அந்தத் தங்கையின் பாரத்தில் நான்காவது கட்டம் இப்படி இருந்தது: "ஆய்வு மற்றும் பயிற்சி". இரண்டும் ஒரே கட்டம். ஆய்வு என்றால் நெறிமுறைக் குழு முன் போக வேண்டும். பயிற்சி என்றால் புதிதாகச் சேர்ந்த ஆய்வுக்கூடப் பணியாளர் ஊசியில் விந்தைச் செலுத்திப் பழகுவதாக இருக்கலாம். அதுவும் தேவைதான், யாராவது பழகாமல் நம் முட்டையைக் கையாள முடியாது. ஆனால் அதற்கு எந்தக் குழுவும் கேள்வி கேட்காமல் போகலாம். இரண்டையும் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

அப்புறம், எந்த முட்டை? எடுக்கும்போது முதிராமல் வருபவை, விந்து சேர்ந்தும் கருவாகாதவை, இவை சிகிச்சைக்கு உதவாமல் எப்படியும் தூக்கிப்போடப்படும். அவற்றை ஆய்வுக்குத் தருவதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. நல்ல முட்டையில் பாதியை ஆய்வுக்கு ஒதுக்கு என்று கேட்டால் அது உங்கள் பிள்ளை வாய்ப்பில் கை வைப்பது.

கரு உருவாக்குவார்களா, மரபணுவைப் படிப்பார்களா, உங்கள் பெயர் எந்தக் கணினியில் எத்தனை காலம் இருக்கும், முட்டை வெளிநாட்டுக்குப் போகுமா, இவற்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாயால் சொன்னது மறுநாள் காற்றில் போகும்.

## பணத்துக்காகப் புதிதாகக் கொடுப்பது

இது அந்தப் பாரத்தில் இல்லாத வழி. ஆனால் கைப்பேசியில் வருகிறது. "முட்டை தானம், தொகை உண்டு, இளம் பெண்கள் தொடர்பு கொள்ளவும்." சிகிச்சைக்கென்றும் வரும், ஆய்வுக்கென்றும் வரும். குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளியாக இருக்கும் நாட்டில், தொழிற்சாலை விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைக்கு அந்தத் தொகை என்னவாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

இங்கே உடம்பு கணக்கில் வருகிறது. பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி, ஸ்கேன் மேல் ஸ்கேன், கடைசியில் மயக்கத்தில் பிறப்புறுப்பு வழியாக ஊசி விட்டு எடுப்பது. சூலகம் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வயிறு வீங்கி நீர் கட்டும் ஆபத்து உண்டு. கடுமையாக வருவது குறைவு, ஆனால் வந்தால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்று அந்த விளம்பரத்தில் போடுவதில்லை. சம்பளம் போன நாட்களுக்கும் பதில் இல்லை.

உலகத்தில் இதற்கு ஒரே பதில் இல்லை. நியூயார்க் மாநிலம் 2009இலேயே ஆய்வுக்கு முட்டை கொடுக்கும் பெண்ணுக்கு அரசு நிதியில் பணம் தரலாம் என்றது. கலிபோர்னியா 2006இல் தடுத்துவிட்டு 2019இல் மனம் மாறியது. பிரிட்டன் நடுவில் நிற்கிறது: தானம் கொடுப்பவருக்கு நிர்ணயித்த ஈட்டுத்தொகை மட்டும், 2024 அக்டோபரிலிருந்து 986 பவுன் வரை. உடம்பைக் கஷ்டப்படுத்துகிறவளுக்கு மட்டும் "தியாகம்", டாக்டருக்கும் ஆய்வாளருக்கும் சம்பளமா என்று கேட்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பணம் கொடுக்கும் ஊரில் காவலும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஈரோட்டில் 2022இல் வெளியே வந்த கதை எல்லோருக்கும் நினைவிருக்கும்: 16 வயதுப் பிள்ளையை வயது மாற்றிய அட்டையோடு அழைத்துப்போய்த் திரும்பத் திரும்ப முட்டையை விற்றார்கள், பெற்ற தாயே உடந்தை. தேசியச் சட்டம் வந்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. தனிச் சட்டமே இல்லாத நம் ஊரில் பணத்துக்காக ஊசி போட்டுக்கொள்ளப் போகும் பெண்ணுக்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம்.

## அந்தத் தங்கைக்கு நான் சொன்னது

இன்னும் ஒரு பிள்ளை வேண்டுமா என்பதை முடிவு செய்ய ஒரு வருடம் எடுத்துக்கொள், அந்த ஒரு வருடக் கட்டணத்தை வீண் என்று நினைக்காதே என்றேன். வேண்டாம் என்று முடிவானால், மருத்துவமனை நெறிமுறைக் குழுவின் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதிக் கொடுத்தால் ஆய்வுக்குக் கொடு, கொடுக்காவிட்டால் கரைய விடு. மாமியாரிடம் என்ன சொல்வது என்று கேட்டாள். முட்டை உன்னுடையது, கையெழுத்தும் உன்னுடையது, மாமியாருக்குக் கோப்பி மட்டும் நல்லதாகப் போட்டுக் கொடு என்றேன். சிரித்தாள்.

முதல் கட்டத்தில் டிக் போட்டாள். பிறகு என் பேனாவை வாங்கி, நான்காவது கட்டத்தில் "மற்றும் பயிற்சி" என்ற சொற்களை அடித்துவிட்டு, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். இரண்டு வாரம் கழித்து மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டு, ஏன் அடித்தாய் என்று கேட்டார்களாம். இப்போது அவள் கையில் ஒரு பெண்மணியின் பெயரும் நேரடித் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன.